ஐடிஐயா, மூன்று மாத கோர்ஸா, நேராகக் கடையா?

பத்தாவது முடித்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கற்க ஆசைப்படுபவர்களுக்கு நம் ஊரில் மூன்று வழி உண்டு: ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவு, தனியார் மொபைல் சர்வீஸ் கோர்ஸ், தெரிந்தவர் கடையில் போய்த் தொழில் பழகுவது.

செலவைப் பார்த்தால் அரசு ஐடிஐக்குப் பக்கத்தில் எதுவும் வராது. இரண்டு வருடமும் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அந்தச் சான்றிதழை வைத்து ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று மாத கோர்ஸ் சான்றிதழ் அங்கெல்லாம் செல்லாது.

ஆனால் வேகம் கோர்ஸில்தான். அங்கே பழகியவர்களிடம் ஒரு டெட் போன், அதாவது ஆன் ஆகாத போன், வருகிறது. கரண்ட் அளவைக் காட்டும் பவர் சப்ளை மெஷினில் மாட்டியதுமே, பட்டனைத் தொடாமலே ஆம்பியர் ஏறினால், பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் மெயின் லைனில் ஷார்ட், அதாவது கரண்ட் நேராகக் கிரவுண்டுக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த லைனில் வோல்டேஜ் கொடுத்து எது சுடுகிறது என்று தேடுவார்கள். பலநேரம் கடுகளவுகூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர்தான் காரணம். அதை எடுத்துவிட்டால் போன் ஆன் ஆகிவிடும். சரி, ஒரு பார்ட்ஸை எடுத்த பிறகும் போன் எப்படி ஓடுகிறது? அது லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே நின்று, வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஃபில்டர். அதே வேலைக்கு லைனில் இன்னும் சில இருக்கும். ஆனால் காயில் என்பது கரண்ட் போகும் வழியிலேயே இருக்கும் பார்ட்ஸ்; அதை அப்படி எடுத்தால் சப்ளையே நின்றுபோகும். இதைச் சொல்லித்தர கோர்ஸில் நேரம் இருக்காது. ஐடிஐயில் இருக்கிறது. அங்கே குறை வேறு: பயிற்சி போர்டில் பழகிய கை, போன் போர்டைப் பார்த்ததும் தயங்கும்.

கடையில் கை நன்றாகப் பழகும். மற்றதெல்லாம் முதலாளி மனசைப் பொறுத்தது. டிஸ்ப்ளே மாற்றவும் டெம்பர் கிளாஸ் ஒட்டவுமே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே என் ஓட்டு ஐடிஐக்கு, கூடவே மாலையில் ஒரு கடைக்கு. இன்னொரு காரணமும் உண்டு. போனை மட்டும் நம்பி இனி இறங்க வேண்டாம் என்பேன். இன்வெர்ட்டர் ஏசி, பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன்), வாஷிங் மெஷின், மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் என்று வீடு முழுக்க போர்டு வந்துவிட்டது. ஏசி போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அடிப்படை தெரியாமல் அதில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது.

குடும்பப் பொறுப்பில் இரண்டு வருடம் ஒதுக்க முடியாதவர்கள் கோர்ஸுக்கே போகலாம், தப்பில்லை. பணம் கட்டும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆளுக்கொரு ஹாட் ஏர் மெஷின் (சூடான காற்றால் பார்ட்ஸைக் கழற்றி மாட்டும் கருவி) இருக்கிறதா, நிஜமாகவே பழுதான போர்டு தருகிறார்களா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.