கண்ணாடி போட்டதும் என் மூளைக்கு 9 வயது குறைந்தது

முதல் நாளே அந்த மூளைப் பயிற்சி ஆப் என் மூளைக்கு 78 வயது என்று சொல்லிவிட்டது. எனக்கு நடப்பது 64. "சும்மா ஆடிப் பாரும்மா, மறதிக்கு நல்லதாம்" என்று மகள்தான் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். ஆப்பின் பெயர் வேண்டாம். இந்த ரகம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். சந்தா கட்டியாயிற்றே என்று மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் ஆடினேன்.

நான் 31 வருஷம் புரூஃப் பார்த்தவள். ஓர் ஒற்று விட்டுப்போனால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் குத்தும். அப்படிப்பட்டவளை முதல் விளையாட்டே கவிழ்த்தது. 'சிவப்பு' என்ற சொல் நீல எழுத்தில் வரும். நாம் நீலத்தைத் தொட வேண்டும். 1935-ல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையின் வாரிசு இது. வாசித்தே பழகிய கண்ணுக்கு, வாசிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். திணறினேன், ஆனால் ரசித்தேன்.

அடுத்தது எரிச்சல். ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; குறி வந்ததும் அதன் எண்ணைத் தொட வேண்டும். வெளிர் சாம்பல் திரையில் எண்களும் சாம்பல்! பொத்தான்கள் வேறு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஃபோனுக்கு எதற்கு என்று அதுவரை படிக்கிற கண்ணாடியை எடுக்கவில்லை. பதினோராம் நாள் கண்ணாடியைப் போட்டு, ஃபோனை மேசைமேல் வைத்து ஆடினேன். மூளை வயது 69. ஒரே ராத்திரியில் 9 வருஷம் இளமை! அப்படியென்றால் பத்து நாளாக இது அளந்தது மூளையையா, என் கண்ணையும் கட்டைவிரலையுமா?

வயதானால் வேகம் குறையும், அதை மறுக்கவில்லை. இளவயது தாண்டும்போதே அது மெல்ல இறங்கத் தொடங்குகிறது. சொல்வளம் அப்படியில்லை, பலருக்கு அறுபதிலும் தேயாமல் நிற்கும். புதுச் சிக்கலை அவிழ்க்கும் திறன் வேறு, சேர்த்து வைத்த அறிவு வேறு என்று உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் 1940களிலேயே பிரித்துக் காட்டிவிட்டார். இந்த ஆப்போ ஆறு விளையாட்டில் ஐந்துக்குக் கடிகாரம் கட்டியிருக்கிறது.

கடிகாரம் இல்லாத ஒன்று சொல் விளையாட்டு. 'ஆழி'க்குப் பொருள் கேட்டது: கடல், மலை, சக்கரம், காற்று. கடலும் சரி, சக்கரமும் சரி. சக்கரத்தைத் தொட்டேன், 'தவறு' என்றது. எழுதிப் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, ஆழி மட்டும் மாறவில்லை.

மூன்று மாத முடிவில் மூளை வயது 58. மகளுக்கு ஒரே சந்தோஷம். அதே வாரம் பழைய சக ஊழியர் ஒருவரை வழியில் பார்த்தேன். அவர் 'ழ'வுக்குச் சுழி போடும் விதம்கூட ஞாபகம் வந்தது, பெயர் தொண்டையிலேயே நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் வந்தது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரிடம் மூளைப் பயிற்சி பற்றி நடத்தி 2002-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் கண்டது: எதைப் பழகினார்களோ அது தேறியது, மற்றதற்குத் தாவவில்லை. நானும் குறிக்கு எண் போடுவதில் கெட்டிக்காரி ஆகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

5-க்கு 2 நட்சத்திரம், இரண்டும் அந்த நிற விளையாட்டுக்கு. எண்களைக் கறுப்பாக்கி, கடிகாரத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைத்தால் மூன்றாவது தருகிறேன். ஆழியைத் திருத்தினால் நான்காவது.