வேண்டோரன் பி45: கிளாரினெட் பழகுபவர்களுக்கு நல்ல மவுத்பீஸ்

வாத்தியத்தோடு வரும் பிளாஸ்டிக் மவுத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் முனைப் பகுதி) நாதம் மெலிந்தே இருக்கிறது என்று வருத்தப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது வேண்டோரன் நிறுவனத்தின் இந்த பி45-ஐத்தான். எபோனைட் (கடினமாக்கிய ரப்பர்), முனைத் திறப்பு, அதாவது மவுத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடு) உள்ள இடைவெளி, 1.195 மி.மீ., காற்று தாராளமாகப் போகும், 2.5 எண் கடினமுள்ள ரீட் போட்டால் முதல் நாளே சத்தத்தில் ஒரு கனம் தெரியும்.

ஆனால் திறப்பு அகலம் என்பதால் உதட்டுப் பிடிப்பு தளர்ந்தால் சுருதி சட்டென்று இறங்கிவிடும், அதனால் மவுத்பீஸையும் அதற்கு அடுத்து வரும் குட்டைக் குழாயான பேரலையும் மட்டும் சேர்த்து ஊதச் சொல்லி, சுருதி காட்டும் டியூனரைப் பாருங்கள், முள் எஃப் ஷார்ப் பக்கம் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் பெரும்பாலும் பிள்ளை ரீடைக் கடிக்கிறது.

நடு ஸ்தாயியின் ஏ, பி பிளாட் இதிலும் கொஞ்சம் அடைத்துத்தான் கேட்கும். அப்புறம், ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் திறப்பு குறுகலான வேண்டோரன் 5ஆர்வி லைர் மவுத்பீஸ் வாங்குங்கள்.