ஐந்தே முக்கால் லட்சத்துக்குப் பூஜ்யம், இரண்டரை லட்சத்துக்கு ஓர் இடம்

2019 மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனின் 'சேஞ்ச் யூகே' கட்சி 5,71,846 வாக்குகள் வாங்கியது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் ஜெர்மனியின் 'வோல்ட்' கட்சி 2,49,098 வாக்குகள் வாங்கியது. அதன் டாமியன் போசெலாகர் உறுப்பினராகிவிட்டார். இரண்டுமே புதுக்கட்சிகள். இரண்டுமே ஐரோப்பிய ஒன்றியத்தை ஒளிவுமறைவில்லாமல் ஆதரித்தவை. பாதிக்கும் குறைவான வாக்கு வாங்கிய கட்சி உள்ளே போனது, மற்றது ஏழே மாதத்தில் மூடுவிழா கண்டது. கொள்கையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது.

முதல் காரணம், வாக்கை எண்ணும் முறை. ஜெர்மனி முழுவதும் ஒரே தொகுதி, 96 இடங்கள். இடம் பெற இத்தனை வாக்காவது வேண்டும் என்று ஐரோப்பியத் தேர்தலுக்கு இருந்த 3 சதவீதக் குறைந்தபட்ச வரம்பை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2014-ல் நீக்கிவிட்டது. ஹாம்பர்கில் நூறு, மியூனிக்கில் இருநூறு என்று சிதறி விழுந்த வாக்கெல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்தது. அதனால் 0.7 சதவீதத்துக்கும் ஓர் இடம். பிரிட்டனிலும் வாக்குக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறைதான், ஆனால் மண்டலம் மண்டலமாகப் பிரித்து எண்ணினார்கள். வடகிழக்கில் 3 இடம், லண்டனில் 8, மிகப் பெரிய தென்கிழக்கில் 10. சட்டத்தில் வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் மண்டலம் சிறியதாக இருப்பதே ஒரு வரம்புதான். லண்டனில் சுமார் 8 சதவீதம் வாங்கிய அப்போதைய ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்கே அங்கு இடமில்லை என்றால், 5 சதவீதம் வாங்கிய சேஞ்ச் யூகே என்ன செய்யும்? நாடு முழுவதும் அது வாங்கிய 3.3 சதவீதத்தை மொத்தம் 73 இடங்களோடு பெருக்கினால் இரண்டு இடம் தேறும். அந்த இரண்டு இடங்கள் அநியாயமாகப் போயின என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் பழியை முழுக்க விதியின் மேல் போட முடியாது. சேஞ்ச் யூகே பிறந்த விதத்திலேயே கோளாறு இருந்தது. 2019 பிப்ரவரி 18 அன்று சுகா உமுன்னா, லூசியானா பெர்கர் உள்ளிட்ட ஏழு எம்.பி.க்கள் தொழிலாளர் கட்சியை விட்டு வெளியேறினார்கள். மறுநாள் அக்கட்சியிலிருந்து இன்னொருவர். அதற்கடுத்த நாள் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து அன்னா சோப்ரி, ஹைடி ஆலன், சாரா வொல்லாஸ்டன். மூன்றே நாளில் பதினோரு எம்.பி.க்கள்! ஆனால் கீழே கிளைகள் இல்லை, வீடு வீடாகப் போக ஆட்கள் இல்லை. அவர்கள் அனுப்பிய சின்னத்தைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் மட்டும் இருந்தது, சின்னம் இல்லை. பத்து மாதத்தில் மூன்று பெயர்கள். ஒரு பெயரையாவது மக்கள் மனதில் பதியவிட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, பக்கத்திலேயே இருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியோடு சேராமல் தனியாக நின்றது. பிரெக்சிட் (ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) வேண்டாம் என்று அவர்களும் அதையேதான் சொன்னார்கள், ஊர் ஊராகக் கிளைகளும் வைத்திருந்தார்கள். ஒன்றியத்தில் தொடர விரும்பிய வாக்காளர் யாரை நம்புவார்? அந்தத் தேர்தலில் லிபரல் டெமாக்ரட் 16 இடங்களை வென்றது. முடிவு வந்த சில நாட்களில், ஜூன் 4 அன்று, பதினோரு பேரில் ஆறு பேர் விலகிவிட்டார்கள். டிசம்பர் பொதுத்தேர்தலில் எஞ்சியவர்களில் மூவர் மட்டும் கட்சிப் பெயரில் நின்று மூவரும் தோற்றார்கள். அதிகபட்சம் பிராக்ஸ்டோவில் சோப்ரி வாங்கிய 8.5 சதவீதம். தேர்தல் முடிந்த கையோடு கட்சியைக் கலைத்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடம் பிரிட்டனில் ஒருமுறை நடந்திருக்கிறது. 1999-ல் ஜான் ஸ்டீவன்ஸ், பிரெண்டன் டொனலி என்ற இரு ஐரோப்பிய எம்.பி.க்கள் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து பிரிந்து 'புரோ-யூரோ கன்சர்வேடிவ்' கட்சியைத் தொடங்கினார்கள். யூரோ நாணயத்தைக் கன்சர்வேடிவ் கட்சியின் வில்லியம் ஹேக் தலைமை எதிர்த்ததுதான் காரணம். அந்த ஆண்டு ஐரோப்பியத் தேர்தலில் 1,38,097 வாக்குகள், பூஜ்யம் இடங்கள். நவம்பரில் கென்சிங்டன்-செல்சி இடைத்தேர்தலில் ஸ்டீவன்ஸுக்கு 740 வாக்குகள். 2001-ல் கட்சி கலைந்து, பலர் லிபரல் டெமாக்ரட்டில் சேர்ந்தார்கள். இதே ஸ்டீவன்ஸ் 2010-ல் பக்கிங்ஹாம் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். அவைத்தலைவர் ஜான் பெர்கோவின் தொகுதி என்பதால் மரபுப்படி பெரிய கட்சிகள் அங்கு போட்டியிடவில்லை. ஸ்டீவன்ஸ் 10,331 வாக்குகள் வாங்கி, ஒன்றியத்தைக் கடுமையாக எதிர்த்த நைஜல் ஃபராஜையே பின்னுக்குத் தள்ளி இரண்டாமிடம் பிடித்தார். ஆளும் அவரேதான், ஐரோப்பா பற்றிய பேச்சும் அதேதான். இந்த முறை பக்கத்தில் லிபரல் டெமாக்ரட் இல்லை.

வோல்ட் வேறு வழியில் வந்தது. பிரிட்டன் விலகல் கடிதம் கொடுத்த 2017 மார்ச் 29 அன்றே, வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் அதைத் தொடங்கினார்கள். எம்.பி. யாரும் கிடையாது. 2019-ல் எட்டு நாடுகளில் ஒரே தேர்தல் அறிக்கை. பிறகு நகர்மன்றங்கள். 2024 ஐரோப்பியத் தேர்தலில் ஜெர்மனியில் 2.6 சதவீதத்துக்கு மூன்று இடம், நெதர்லாந்தில் இரண்டு. என் மதிப்பில் இந்த மூன்று கட்சிகளில் பொறுமையாகக் கட்டப்பட்ட கட்சி இதுதான். ஐரோப்பியத் தேர்தலுக்கு ஜெர்மனி 2 சதவீத வரம்பை மீண்டும் கொண்டுவர முயல்கிறது. 2.6 சதவீதம் நிலைத்தால் அதையும் தாண்டலாம்.

என்றாலும் வோல்ட்டை வெற்றிக்கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 5 சதவீத வரம்புள்ள ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு 2025-ல் அது வாங்கியது 0.7 சதவீதம்தான். நெதர்லாந்தில் நாடு முழுவதும் ஒரே தொகுதி, மொத்தம் 150 இடங்கள். சிறு கட்சிக்கு அதைவிடத் தோதான களம் அமைவது கடினம். அங்கே 2021-ல் மூன்று இடம், 2023-ல் இரண்டு, 2025 அக்டோபரில் ஒன்று. அதே 2025 தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்தை நெடுங்காலமாக ஆதரித்துவரும் டி66 கட்சி 9 இடங்களிலிருந்து 26-க்கு எழுந்தது.