250 ரூபாய்க்கு ஒரு காது

கும்பகோணத்தில் அம்மா வீட்டுத் தெருமுனையில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. மிக்சி, டேபிள் ஃபேன், பிக்சர் டியூப் டிவியின் பின்மூடி என்று வாசற்படி வரை அடைத்துக் கிடக்கும். பலகையில் எழுத்தெல்லாம் வெயிலில் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து டிவியின் சத்தத்தைச் சரிசெய்துகொடுத்த கதைதான் இது. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன ஆடியில் கேபிள்காரர் பழைய பாக்ஸை எடுத்துக்கொண்டு எச்டி பாக்ஸ் வைத்துவிட்டுப் போனார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள் போய் ஒற்றை எச்டிஎம்ஐ ஒயர் வந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ராத்திரி சீரியலுக்கு அம்மா உட்கார்ந்தால், மாமியாரும் மருமகளும் வாயை மட்டும் அசைக்கிறார்கள்.

மறுநாள் கேபிள் பையன் வந்தான். பாக்ஸ் ரிமோட்டில் வால்யூமை ஏற்றினான், டிவி ரிமோட்டில் ஏற்றினான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். "டிவி போர்டு போயிடுச்சும்மா. மாத்தறதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். 2013இல் வாங்கிய 32 இஞ்ச் டிவி. திருச்சியில் இருந்தபடி போனில் கேட்ட நானும் அதை அப்படியே நம்பி, ஆன்லைனில் புது டிவி விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அதே சீரியலை இன்னொரு நம்பர்ல வெச்சா நல்லாப் பேசறாங்கடி. டிவி கெட்டுப்போச்சுன்னா அங்க மட்டும் எப்படிப் பேசுவாங்க?" இதை அந்தப் பையனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் காதில் வாங்கவில்லை. நானும்தான். உடனே ரிப்பேர் கடைக்கு நடந்தே போய்விட்டாள்.

நாளைக்கு வருகிறேன் என்றவர் மூன்றாம் நாள் வந்தார். நல்லவேளை, அது சனிக்கிழமை, நான் ஊரில் இருந்தேன். பையைக் கீழே வைத்தார், திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, "எப்பலேர்ந்தும்மா? எல்லா சேனலும் ஊமையா, சிலது மட்டுமா?" என்று கேட்டார். அம்மா தன் இரண்டு நம்பர் கதையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்களே!"

மீதிப் பாதிக்குக் கால் மணி நேரம் ஆனது. முதலில் பென் டிரைவில் ஒரு பாட்டை டிவியிலேயே போட்டார். கணீரென்று பாடியது, ஆக ஸ்பீக்கர் பிழைத்தது. அடுத்து, பழைய மூன்று வண்ண ஒயரைப் பாக்ஸிலிருந்து டிவிக்குக் கொடுத்தார். ஊமையாக இருந்த எச்டி சேனல் பேசியது, ஆக பாக்ஸும் பிழைத்தது. எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் போனால் மட்டும் மௌனம்.

"எச்டி சேனல் சிலதுல சத்தம் டால்பிங்கற முறையில கட்டின பார்சலா வருது. பாக்ஸ் அந்தப் பார்சலைப் பிரிக்காம அப்படியே டிவிக்குத் தள்ளுது. உங்க டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியல. சாதா சேனல்ல வேற மாதிரி வரும், அது இதுக்குத் தெரியும்." பாக்ஸ் மெனுவில் செட்டிங்ஸ், அதில் ஆடியோ, அதில் டால்பி என்று இருந்ததைப் பிசிஎம் என்று மாற்றினார். பிசிஎம் என்றால் பிரித்த சத்தம், இனி பாக்ஸே பிரித்துக் கொடுக்கும். சில பாக்ஸ்களில் டால்பி என்பதற்குப் பதிலாகப் பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம், ரா என்றெல்லாம் இருக்குமாம், எல்லாம் ஒன்றுதானாம். மருமகள் அழுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம்.

வந்தது வந்தார் என்று அண்ணன் கொடுத்திருந்த பழைய ஹோம் தியேட்டரையும் காட்டினேன். டிவியோடு இணைத்தாலே 'உர்ர்ர்' என்று ஒரு உறுமல், வால்யூமைக் குறைத்தாலும் போகாது. அவர் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிளைக் கழற்றினார். உறுமல் நின்றது. மறுபடி திருகினார், வந்துவிட்டது. ஹோம் தியேட்டருக்கு மூன்று பின் பிளக், அதன் எர்த் நம் வீட்டு எர்த். கேபிளுக்குள் இருக்கும் உலோக உறை வழியாக வருவது வெளியே எங்கேயோ இருக்கும் இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற கரண்ட்தான் ஸ்பீக்கரில் உறுமுகிறது என்றார்.

அந்த மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் மாறிவிட்டது. "சத்தம் போகும்மா. நாளைக்கு உள்ள லீக் ஆச்சுன்னா தொடுறவங்களும் போயிடுவாங்க." கார் ஆடியோ கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கச் சொன்னார். தீப்பெட்டி அளவு டப்பா, உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், சத்தத்தை மட்டும் கடத்தி ஒயர்த் தொடர்பை அறுத்துவிடும். 350 ரூபாய்க்குக் கிடைத்தது. டிவிக்கும் ஹோம் தியேட்டருக்கும் நடுவில் போட்டேன், உறுமல் இல்லை. ஆனால் பாஸ், அதாவது அந்த அடித்தொனி, கொஞ்சம் மெலிந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை.

கடைசியாக அம்மா ஒன்று கேட்டாள்: "விளம்பரம் வந்தா மட்டும் கத்துதே தம்பி, அதையும் சரிபண்ணேன்." "அதுக்கு டெல்லிக்குத்தாம்மா போகணும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் விஷயம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளிலேயே விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. வரி இருக்கிறது, கத்தலும் இருக்கிறது. டிவியின் சவுண்ட் மெனுவில் ஆட்டோ வால்யூமை ஆன் செய்துவிட்டுப் போனார். விளம்பரம் அடங்கியது, கூடவே சீரியலின் பின்னணி இசையும் சப்பென்று ஆனது. இரண்டு நாளில் அம்மாவே சொல்லி அணைக்கவைத்தாள்.

கூலி 250 ரூபாய். பில் கிடையாது, ஜிபே கிடையாது, சில்லறையும் கிடையாது. போன் அடித்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போய் நிற்கவேண்டும். சொன்ன நாளில் வருவார் என்று நம்பி லீவு போடாதீர்கள். பிடித்துவைத்த அந்த ஒரு மதிப்பெண் இதற்குத்தான். மற்றபடி, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் வேலையை முடித்துவிட்டுப் போன மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நினைத்திருந்தால் போர்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், ஒரு வாரம் வைத்திருந்து, ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கலாம். எங்களுக்கு என்ன தெரியப்போகிறது?

கிளம்பும்போது, பாக்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது வந்தால் அந்த செட்டிங் பழையபடி மாறிவிடலாம் என்று எச்சரித்தார். காலண்டர் தாளைக் கிழித்து, எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்துவது என்று அம்புக்குறி போட்டு எழுதிக்கொடுத்தார். அம்மா அதை ரிமோட் உறைக்குள் செருகிவைத்திருந்தாள். கார்த்திகையில் ஒருநாள் போன் செய்தாள். "நேத்து மறுபடி ஊமையாச்சு. நானே பிசிஎம் போட்டுட்டேன். எதிர்வீட்டுலயும் போய்ப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."