புட்டுக்கு நாலு நட்சத்திரம், பதிலுக்கு ஒன்று

சனிக்கிழமை மதியம் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம், பெயர் வேண்டாம். சுறாப் புட்டு 12 வெள்ளி. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சுவையில் குறை சொல்ல முடியாது: சின்ன வெங்காயம் நன்றாக வதங்கி, பூண்டு தூக்கலாக, தோலை ஒழுங்காக உரித்து உதிர்த்திருந்தார்கள், பல்லில் மணல் கடிபடவில்லை.

"அண்ணே, இது என்ன சுறா?" என்று கேட்டேன்.

"சுறான்னா சுறாதான் தம்பி, சாப்பிடுங்க."

இந்தப் பதில்தான் எனக்கு ஒத்துவரவில்லை. உதிர்த்த பிறகு பால் சுறாவா, கொம்பன் சுறாவா என்று யாராலும் சொல்ல முடியாது. தலையில் சுத்தியல் மாதிரி இருப்பதுதான் கொம்பனுக்கு அடையாளம், அது தட்டுக்கு வருவதில்லையே. அந்த அகலத் தலை முழுக்க மின்துடிப்பை உணரும் நுண்துளைகள், மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கையைக்கூட அதை வைத்தே கண்டுபிடிக்கும். முட்டை இடாது, குட்டிதான் போடும், பருவத்துக்கு வரவே பல வருடம் ஆகும், அதனால் பிடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கொம்பனில் ஒரு வகையான பெரிய கொம்பன், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைப் பதியும் உலகச் சிவப்புப் பட்டியலில் 2019-லிருந்து அழிவின் விளிம்பில் இருக்கிறது. வர்த்தகக் கட்டுப்பாடு 2014-லேயே வந்துவிட்டது, பெர்மிட் இல்லாமல் நாடு விட்டு நாடு அனுப்பக் கூடாது.

அப்புறம் ரசம், வெறும் தண்ணீர். அடுத்த முறை வஞ்சிரம் வறுவல்தான்.