கைரேகை, டாரோட் சீட்டு இரண்டையும் நம்பலாமா? பல வருடம் பார்த்தவள் சொல்கிறேன்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கைரேகை பார்ப்பவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவரே வந்துவிடுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் ஒருவர் நிற்பார். இப்போது இரவுச் சந்தையின் ஓரத்தில் மடக்கு மேசை போட்டு உட்காருகிறார்கள். படச் சீட்டு போட்டுக் குறி சொல்லும் டாரோட் எங்கள் பக்கம் வந்தது பிற்பாடுதான். முதலில் பக்கத்து நகரமான ஈப்போவில் பேரங்காடிக்குள், அப்புறம் வாட்சாப்பில். அம்மாவோடு, பிறகு தனியாக, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக என்று இரண்டையும் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவர்கள் சொன்னதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த நோட்டைப் புரட்டித்தான் இதை எழுதுகிறேன். வரப்போவதைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டையும் நம்ப முடியாது. ஆனால் நம்பத் தோன்றும். ஏன் தோன்றுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அம்மா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மத்தியானம் வரை நிரை நிரையாக நடந்து, பாலைத் தோம்பில் (பீப்பாயில்) கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார். பல வருடம் கத்தி பிடித்த வலது உள்ளங்கை காய்ப்புக் காய்த்துத் தோல் தடித்திருக்கும். அந்தக் கையைப் பார்த்த ஒருவர், "விதி ரேகை பாதியில நின்னுடுச்சும்மா, உழைப்புக்குப் பலன் தாமதமாத்தான் வரும்" என்றார். அடுத்த வருடம் வந்தவர், பெண்களுக்கு இடது கைதான் கணக்கு என்று சொல்லி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் விதி ரேகை, நடுவிரலுக்குக் கீழே உள்ள சனி மேடு வரை நேராகப் போகிறது, பெரிய யோகம் என்றார். இன்னொருவர், எழுதும் கைதான் நாமே தேடிக்கொள்வது, மற்றது பிறவியில் வந்தது என்றார். மூன்று பேரும் இது உடலமைப்பை வைத்துப் பலன் சொல்லும் சுத்தமான சாமுத்ரிகா லட்சணம் என்றுதான் சொன்னார்கள். எந்தக் கை என்பதிலேயே ஒத்துப்போகாத ஒன்றை நம்பிப் பிள்ளையின் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது எப்படி?

உள்ளங்கையின் பெரிய ரேகைகள் தாயின் வயிற்றிலேயே, ஏறக்குறைய 12 வாரத்துக்குள் விழுந்துவிடுகின்றன. கை மடங்கும் இடத்தில் தோல் மடிந்து உண்டாகும் கோடுகள் அவை. மருத்துவர்களும் ரேகையைப் பார்ப்பதுண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளங்கையின் குறுக்கே ஒரே கோடு ஓடும். ஆனால் எந்தக் குறையும் இல்லாத பலருக்கும் அதே கோடு இருப்பதால், அதை மட்டும் வைத்து மருத்துவர் எதையும் முடிவு செய்வதில்லை. பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.

எங்கள் ஊரில் கைரேகைக்காரர்களின் பேரை நிலைநிறுத்தியது ஒரே ஒரு வாக்கு: "இடமாற்றம் இருக்கு." என் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இது வருகிறது, பலித்தும் இருக்கிறது. பலிக்காமல் என்ன செய்யும்? சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். அதைத் தடுக்கத்தான் எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அப்புறமும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தில் இருந்த யாரிடம் வேண்டுமானாலும் "வீடு மாறுவீங்க" என்று சொல்லியிருக்கலாம். நாங்களும் டவுனுக்கு வந்தோம், பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். அம்மா கடைசிவரை, "அந்தத் தாத்தா அப்பவே சொன்னாரு" என்பார். தாத்தா கையைப் பார்க்காமல் தோட்டத்தை மட்டும் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். வேலை போய், கூரையும் போய்விடுமோ என்று பயந்த குடும்பங்களின் பயத்தை அவர் சரியாகக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

எனக்கு மட்டுமே பொருந்துகிறது என்று நான் நினைத்த பகுதி ஒன்று நோட்டில் உண்டு. "வெளியே தைரியசாலி, உள்ளுக்குள்ள அழுவீங்க. கொடுத்த அளவுக்கு உங்களுக்குத் திரும்பி வரல. சொந்தத்துல ஒருத்தர் உங்களைச் சரியா புரிஞ்சுக்கல." ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, முறுக்கு சுட்டுக்கொண்டே அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டினேன். அண்ணியின் ஜாதகத்தைப் பார்த்தவர் சொன்னது என்று பொய் சொல்லித்தான் படித்தேன். அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு, "அப்படியே என் கதைதான்" என்றார். கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொன்ன பிறகும், "இல்ல, இது எனக்குத்தான் பொருந்துது" என்றார்.

அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-ல் இதையே வகுப்பறையில் செய்தார். 39 மாணவர்களுக்குக் குணத் தேர்வு என்று ஒன்றை வைத்து, எல்லோருக்கும் ஒரே பலனைக் கொடுத்தார். அதன் வாக்கியங்கள் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4-க்கு மேல் வந்தது. ரே ஹைமன் என்ற இன்னோர் உளவியலாளர் இளமையில் காசுக்குக் கைரேகை பார்த்தவர், அதை நம்பியும் இருந்தார். ஒரு நண்பரின் யோசனைப்படி, ரேகை சாஸ்திரம் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் எப்போதும் போலவே அசந்துபோனார்கள். எனக்குக் கிடைத்த தகவல்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

இனி டாரோட். எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்று ஈப்போப் பெண் எனக்குச் சொன்னது சரியில்லை. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக உண்டான சீட்டு அது. எகிப்துக் கதையை 1781-ல் கூர் தெ ஜெபெலென் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார், அதன் பிறகுதான் குறி சொல்ல அது பெரிய அளவில் புழங்கத் தொடங்கியது. இன்று நாம் அதிகம் பார்க்கும் படங்கள் 1909-ல் லண்டனில் வெளிவந்த கட்டுக்காகப் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. மொத்தம் 78 சீட்டு. கலைத்துப் போட்டால் எது வேண்டுமானாலும் வரும். ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் கேட்டேன்: மகள் நர்சிங் படிக்கலாமா? ஒருவருக்கு வாள் சீட்டுகளாக விழுந்து "வேணாம்கா" என்று வந்தது. மற்றவருக்குக் கோப்பைகள், "தாராளமா" என்று வந்தது. மகள் படித்தாள், நன்றாக இருக்கிறாள். முதலாமவரிடம் இதைச் சொன்னபோது, வாள் என்பது ஆஸ்பத்திரிக் கத்தியையும் குறிக்கும் என்றார்.

இருந்தாலும் டாரோட்டில் எனக்கு ஒரு நன்மை கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது. படத்தை முன்னால் வைத்து, "இதைப் பார்த்தா என்ன தோணுதுக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்று நான் பேசியதெல்லாம் அதுவரை வீட்டில் யாரிடமும் பேசாதது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாளெல்லாம் மரத்தோடு நின்றவரின் கையைப் பிடித்து, "உனக்கு என்ன கஷ்டம்மா?" என்று அந்த வயதானவரைத் தவிர வேறு யார் கேட்டார்கள்? அந்தப் பசியை நான் மதிக்கிறேன். மனம்விட்டுப் பேச ஒரு மணி நேரம், அதற்கு 60 வெள்ளி (ரிங்கிட்) என்று தெரிந்தே கொடுப்பவர்களை நான் தடுக்க மாட்டேன்.

தடுப்பது பரிகாரத்தை. பேச்சு "தோஷம்" என்று திரும்பியதும் எழுந்துவிட வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு குடும்பம் மகனுக்கு வேலை கிடைக்க 800 வெள்ளி கொடுத்தது. அடுத்த மாதம் தோஷம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று மேலும் கேட்டார்கள். நாலு இலக்க லாட்டரிக்கு நம்பர் சொல்வதும் இதே வகைதான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், ஒரு குலுக்கலில் பரிசு 23-க்கு. ஆளுக்கொரு நம்பர் ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டே வந்தால் என்றாவது ஒருவருக்கு விழத்தான் செய்யும். அவர் பெயர் மட்டும் வருடக்கணக்கில் ஒட்டுக்கடையில் பேசப்படும். விழாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உடம்பு விஷயத்தில்தான் என் மனம் ஆறவில்லை. தெரிந்த அக்கா ஒருவருக்கு மார்பில் கட்டி. கை பார்த்தவர், "ஆயுள் ரேகை சுத்தமா இருக்கு, கண்டம் போன வருஷமே கழிஞ்சிருச்சு" என்று சொல்ல, அக்கா நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் பரவியிருந்தது. சொன்னவர் அடுத்த சந்தைக்கும் வந்து மேசை போட்டார்.

இப்போது யாராவது என்னிடம், "நல்லா பாக்கிற ஆள் இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால், உடம்பு சம்பந்தமாகவா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆமாம் என்றால் மறுநாள் காலை நானே அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே டாக்டரைப் பார்க்க நமக்கு 1 வெள்ளிதான். வேறு விஷயம் என்றால் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கலக்கிக் கொடுக்கிறேன், அவர்கள் பேசட்டும்.