வயதானவர்களுக்கு விறைப்பூசி: தியேட்டருக்குள் திருப்தி, வாட்டில் இல்லை

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அம்மம்மாவின் இடுப்பு எலும்பு முறிவுக்கு ஒப்பரேஷன் செய்வித்தோம். வயது 80 தாண்டியவர், பிறஷருக்கு நெடுங்காலமாக லொசாட்டன் எடுப்பவர், அதனால் எங்களுக்கு ஒப்பரேஷனை விட மயக்க மருந்துதான் பெரிய பயம். அந்த விஷயத்தில் இவர்களுக்கு முழுப் புள்ளி.

மயக்க மருந்து டொக்டர் முதல்நாள் பின்னேரமே வந்து, கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, காலையில் லொசாட்டன் கொடுக்க வேண்டாம் என்றார். அது உடம்பில் இருந்தால் விழுகிற பிறஷரைத் தூக்குவது கஷ்டமாம். முழு மயக்கம் இல்லை, முதுகில் விறைப்பூசிதான். அதில் போடும் பியூபிவகெயின் வலி நரம்புகளோடு நிற்காது, இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் சேர்த்து விறைக்கச் செய்துவிடும், குழாய்கள் தளர்ந்து இரத்தம் கால் பக்கம் தேங்க பிறஷர் இறங்கும். இளம் ஆட்களின் இதயம் ஓரளவு சமாளிக்கும், வயதானவர்களுக்கு அந்தத் தெம்பு குறைவு, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் போகலாம். ஆகவே 10 மில்லிகிராமுக்கும் குறைவாகப் போட்டு, அதற்கு ஈடாகக் கொஞ்சம் பென்ரனில் என்ற வலி மருந்தைச் சேர்ப்பதாகச் சொன்னார். சேலைனைக் கூட ஏற்றினால் போதாதா என்று மாமா கேட்டார். வயதான இதயத்துக்கு அதுவே சுமையாகிவிடும், நுரையீரலில் நீர் கோக்கும், குழாய்களை இறுக்கிப் பிறஷரைத் தூக்கும் பினைல்எப்ரின் மருந்து ஆயத்தமாக இருக்கும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்படி இருந்து கதைக்கிற டொக்டர் கிடைப்பது பெரிய விஷயம்.

முடிந்ததும் பிறஷர் பதிந்த தாளையும் காட்டினார்: ஊசிக்கு முன் மேல் பிறஷர் 160, கொஞ்ச நேரத்தில் 104, பினைல்எப்ரின் கொடுத்ததும் 130 பக்கம்.

வாட்டில்தான் எனக்குக் கோபம். கால் விறைப்பு விடும் முன்பே, தேத்தண்ணி குடிக்க வைக்கிறோம் என்று கட்டிலின் தலைப்பக்கத்தை ஒரேயடியாக உயர்த்திவிட்டார்கள். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்த்து, "கண் இருட்டுது பிள்ளை" என்கிறார் அம்மம்மா. நான் சத்தம் போட்ட பிறகுதான் பிறஷர் பார்த்தார்கள், 90. தலையை இறக்கிச் சேலைனைக் கூட்டிவிட சரியாகிவிட்டது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தச் சொல்லி டொக்டர் எழுதிவிட்டதை ஒருவரும் வாசித்திருக்கவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறை துப்புரவு, சாப்பாடு பரவாயில்லை. பில்லில் மயக்க மருந்துக்கு மொத்தமாக ஒரு தொகை, பிரித்துக் கேட்டால் கவுண்டரில் பதில் இல்லை.

வயதானவர்களைச் சேர்ப்பவர்கள் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள், மயக்க மருந்து டொக்டரை முதல்நாளே சந்திக்கக் கேளுங்கள், அன்றிரவு கட்டிலடியில் வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் இருங்கள்.